அதுல ஓடுமா?

2007 நவம்பரில் கிரைசிஸ் என்று ஒரு கம்ப்யூட்டர் கேம் வந்தது. ஜெர்மனியின் ஃப்ராங்க்பர்ட்டில் இருக்கும் கிரைடெக் கம்பெனியின் தயாரிப்பு. ஒரு கற்பனைத் தீவு. அதில் வட கொரிய ராணுவம். அங்கே வந்து இறங்கும் ஒரு அமெரிக்க வீரன். அவன் போட்டிருக்கும் உடுப்பு ஒரு விசேஷம்: நினைத்தால் பலம் கூடும், நினைத்தால் மறைந்துபோகும். கதை என்று பார்த்தால் நம்ம ஊர் மசாலாப் படம்தான். ஆனால் காடு! இலைகளுக்கு நடுவே வெயில் இறங்குவது, கடல் தண்ணீரில் அடிமணல் தெரிவது, துப்பாக்கியால் சுட்ட இடத்தில் மரம் முறிந்து விழுவது... அதுவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

பார்க்கவும் முடியவில்லை. அதுதான் வேடிக்கை. அப்போது சந்தையில் இருந்த மிகச் சிறந்த கிராஃபிக்ஸ் கார்டுகளில் ஒன்று, 599 டாலர் விலையில் வந்த என்விடியா 8800 ஜிடிஎக்ஸ். அதுவே உச்ச அமைப்பில் வைத்தால் மூச்சு வாங்கியது. விளைவு, உலகம் முழுக்க கம்ப்யூட்டர் பைத்தியங்களிடையே ஒரு ஜோக் பிறந்தது. யார் எந்தப் புது மெஷினைக் காட்டினாலும், 'எல்லாம் சரி, அதுல கிரைசிஸ் ஓடுமா?' என்று கேட்பது. 2020-ல் அதே கேமைப் புதுப்பித்து வெளியிட்டபோது, ஆகக் கடினமான கிராஃபிக்ஸ் அமைப்புக்குத் தயாரிப்பாளர்களே அந்த ஜோக்கைத்தான் பெயராக வைத்தார்கள்.

நான் சொல்ல வருவது ஜோக்கைப் பற்றி அல்ல. அந்தக் கேள்வியைப் பற்றி. ஒரு நாவலைப் பற்றிப் பேசும்போது 'உங்க கண்ணாடியில் தெரியுமா?' என்று யாரும் ஆரம்பிப்பதில்லை. சினிமாவில்கூட 'படம் எப்படி?' என்றுதான் கேட்கிறோம். கேம் விஷயத்தில் மட்டும் 'எப்படி இருக்கு?' போய் 'ஓடுமா?' வந்துவிட்டது. கிரைசிஸின் முதல் பாதி அருமை. எங்கிருந்து நுழைவது, யாரை எப்படி ஏமாற்றுவது என்று ஆடுபவன் இஷ்டத்துக்கு விட்டிருப்பார்கள். பிற்பாதியில் வேற்றுக்கிரகவாசிகள் வந்து, பனி கொட்டி, சுதந்திரம் போய், வழக்கமான சுடுதலாகிவிடும். இந்த விமர்சனத்தை எத்தனை பேர் பேசினார்கள்? எல்லாரும் ஃப்ரேம் கணக்கில் இருந்தார்கள்.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. அந்த கேம் திணறியதற்குக் காரணம் கார்டு மட்டுமல்ல. பிராசஸர்களின் வேகம் வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போகும் என்ற கணக்கில் எழுதப்பட்ட கேம் அது. உலகமோ வேகத்தைக் கூட்டுவதை விட்டுவிட்டு, ஒரே சில்லில் இரண்டு கோர், நான்கு கோர் என்று வேறு திசையில் திரும்பிவிட்டது. ஆகவே பல வருஷம் கழித்து வந்த ராட்சச கார்டுகளைப் போட்டும் சில காட்சிகளில் கிரைசிஸ் தடுக்கியது. கார்டை மாற்றினால் தீர்ந்துவிடும் என்று நினைத்துக் காசைக் கொட்டியவர்களுக்கு அது முதல் பாடம். யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

* * *

கிராஃபிக்ஸ் கார்டு என்ன செய்கிறது என்று தெரியாதவர்களுக்காக நாலு வரி. உங்கள் மானிட்டர் சாதாரண ஃபுல் ஹெச்.டி. என்றால் அதில் 20,73,600 புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்று தீர்மானிக்க வேண்டும். விநாடிக்கு 60 முறை. அதாவது விநாடிக்குப் பன்னிரண்டு கோடிக்கு மேல் முடிவுகள். பிராசஸர் என்பது கெட்டிக்கார ஆடிட்டர் மாதிரி. சிக்கலான கணக்கை ஒவ்வொன்றாகப் போடுவார். பன்னிரண்டு கோடி சில்லறைக் கணக்குக்கு ஆடிட்டர் வேண்டாம், ஆயிரக்கணக்கான குமாஸ்தாக்கள் வேண்டும். கார்டு என்பது அந்த குமாஸ்தா பட்டாளம்.

1996-ல் வூடூ என்ற கார்டோடு இந்த வியாபாரம் சூடு பிடித்தது. தயாரித்த கம்பெனி த்ரீ டி.எஃப்.எக்ஸ். அந்த கார்டால் முப்பரிமாணம் மட்டுமே வரைய முடியும். மற்றதற்குப் பக்கத்திலேயே இன்னொரு கார்டு வேண்டும். நாலே வருஷம். 2000 டிசம்பரில் போட்டிக் கம்பெனியான என்விடியா அதன் சொத்துக்களை விலை பேசி முடித்துவிட்டது. கனடாவின் ஏடிஐ நிறுவனத்தை 2006-ல் ஏஎம்டி வாங்கியது. கடைசியில் நிலைத்தது இரண்டே பேர். 2022-ல் மூன்றாவதாக இன்டெல் வந்து துண்டு போட்டிருக்கிறது. வாங்குபவருக்கு இருக்கும் 'சாய்ஸ்' இவ்வளவுதான்.

* * *

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வீட்டில் 2017-ல் வாங்கிய மெஷின். அறுபதாயிரம் ரூபாய். ஏழாம் தலைமுறை ஐ5 பிராசஸர், நான்கு கோர். எட்டு ஜிபி ரேம். பழைய ஹார்டு டிஸ்க். கிராஃபிக்ஸுக்கு ஜிடிஎக்ஸ் 1060. பையன் இப்போது காலேஜ். புது கேம் ஒன்றும் ஓடவில்லையாம். ஐம்பதாயிரத்துக்கு ஒரு கார்டு போட்டால் மெஷின் 'புதுசாகிவிடும்' என்கிறானாம். 'போடலாமா சார்? இல்ல, பையன் என்னை ஏமாத்தறானா?' என்று கேட்டிருக்கிறார்.

பையன் ஏமாற்றவில்லை. அவனைத்தான் ஏமாற்றியிருக்கிறார்கள். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் கணக்கு. படித்தது பி.காம். என்பதால் எனக்குக் கை முதலில் அங்கேதான் போகும்.

வருமான வரிச் சட்டப்படி, தொழிலில் பயன்படும் கம்ப்யூட்டருக்கு வருஷத்துக்கு 40 சதவிகிதம் தேய்மானம் எழுதலாம். மீதியில் மறுபடி 40, அந்த மீதியில் மறுபடி 40. வீட்டு மெஷினுக்கு இது பொருந்தாதுதான். ஆனாலும் போட்டுப் பார்ப்போமே. அறுபதாயிரம், முதல் வருஷ முடிவில் 36,000. அடுத்து 21,600. அடுத்து 12,960. நாலாவது வருஷம் 7,776. எட்டு வருஷம் முடிந்தால் சுமார் 1,008 ரூபாய். ஆக, நம் திருச்சி வாசகர் செய்யப்போவது என்ன? ஏட்டில் ஆயிரத்தெட்டு ரூபாய் மதிப்புள்ள ஒரு பெட்டிக்குள் ஐம்பதாயிரத்தைச் செருகப் போகிறார்.

இதைக் கேட்டதும் 'ஐயையோ, வேண்டாம்' என்று முடிவுக்கு வந்தீர்களானால் கொஞ்சம் நில்லுங்கள். தேய்மானக் கணக்கு சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்த மெஷின் இன்றைக்கும் ஓடுகிறது. ஏட்டில் மதிப்பு போனது, வேலையில் போகவில்லை. அதிலிருக்கும் ஜிடிஎக்ஸ் 1060 லேசுப்பட்டதல்ல. 2016 ஜூலையில் 249 டாலருக்கு வந்து, ஸ்டீம் தளம் மாதாமாதம் எடுக்கும் கணக்கெடுப்பில் 2022 வரை பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்த கார்டு. நடுத்தர வர்க்கத்தின் அம்பாசிடர் கார் என்று சொல்லலாம். சொகுசு கிடையாது, ஆனால் எல்லார் வீட்டு வாசலிலும் நின்றது.

* * *

பையனை ஏமாற்றியது யார் என்று கேட்டீர்களே. முதல் குற்றவாளி, கார்டுகளின் பெயர்கள்.

அதே 1060-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஆறு ஜிபி என்றும் மூன்று ஜிபி என்றும் இரண்டு வகை விற்றார்கள். நினைவகம் மட்டும்தான் பாதி என்றுதானே நினைப்போம்? குமாஸ்தாக்களும் குறைவு. முதலாவதில் 1,280 கோர்கள், இரண்டாவதில் 1,152. ஆனால் பெயர் ஒன்றே. ஜிடி 1030 என்று ஒரு சின்ன கார்டு; பின்னாளில் அதே பெயரில், நினைவகத்தின் வேகத்தைக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து இன்னொரு வகையை இறக்கினார்கள். ஜிடிஎக்ஸ் 970 கதை இன்னும் ருசியானது. நாலு ஜிபி என்று போட்டு விற்றார்கள். கடைசி அரை ஜிபி மட்டும் நொண்டியடிப்பது 2015 ஜனவரியில் வெளியே வந்தது. அமெரிக்காவில் வழக்கு நடந்து, வாங்கியவர்களுக்கு ஆளுக்கு 30 டாலர் தருவதாக 2016-ல் சமரசம்.

2022-ல் உச்சம். ஆர்டிஎக்ஸ் 4080 என்ற ஒரே பெயரில் பதினாறு ஜிபி, பன்னிரண்டு ஜிபி என்று இரண்டு கார்டுகளை அறிவித்தார்கள். உள்ளே இருந்த சில்லே வேறு வேறு. ஜனங்கள் காறித் துப்பியதும், பன்னிரண்டு ஜிபி கார்டை அக்டோபரில் வாபஸ் வாங்கினார்கள். 2023 ஜனவரியில் அதே சரக்கு 4070 டிஐ என்று வேறு பெயரோடு வந்தது. விலை 899 டாலரிலிருந்து 799. பெயரை மாற்றியதற்கே நூறு டாலர் தள்ளுபடி! ஒரு பெயருக்கு என்ன விலை என்று இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை.

ஏஎம்டி மட்டும் உத்தமரா? 2022-ல் 199 டாலருக்கு ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்.டி. என்று ஒன்று விட்டார்கள். 'பட்ஜெட் கார்டு' என்றால் யார் வாங்குவார்கள்? பழைய மெஷின் வைத்திருப்பவர்கள். ஆனால் அந்த கார்டு மதர்போர்டோடு பேசுவதற்கு நாலே நாலு பாதைகள்தான் வைத்திருந்தார்கள். வழக்கமாகப் பதினாறு இருக்கும். புது மதர்போர்டில் பாதை வேகமானது என்பதால் சமாளித்துவிடும். பழைய போர்டில் மாட்டினால் பல கேம்களில் படு மந்தம். யாருக்காகச் செய்ததோ அவருக்கே உதவாத பொருள். ஏழைக்கு என்று தனியாக இட்லி சுட்டு, அதில் உப்பைப் போடாமல் விட்ட கதை.

* * *

இரண்டாவது குற்றவாளி யார் என்று சொன்னால் கேம் ரசிகர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். பரவாயில்லை.

கேமில் ஓர் அறை. ஜன்னல் வழியே வெளிச்சம். தரையில் பட்டு, சுவரில் தெறித்து, மேசையடியில் நிழல். முன்பெல்லாம் இந்த வெளிச்சத்தைத் தயாரிப்பாளரே கணக்கிட்டு, சுவர்மேல் பெயின்ட் மாதிரி பூசி அனுப்பிவிடுவார். இதற்கு அங்கே கலைஞர்களின் நேரம், மெஷின்களின் நேரம் இரண்டும் செலவாகும். ஒரு விளக்கை நகர்த்தினால் மறுபடி கணக்குப் போட்டு முடியும் வரை காத்திருக்க வேண்டும். உங்கள் வீட்டு கார்டுக்கோ வேலை குறைவு. ஏற்கெனவே பூசிய பெயின்ட்டைக் காட்டினால் போதும்.

2018-ல் ஆர்டிஎக்ஸ் வரிசை கார்டுகள் வந்தபின் கதை மாறியது. ஒளிக்கற்றை எங்கே போகிறது, எதில் தெறிக்கிறது என்பதை அந்தந்த நொடியில் கார்டே கணக்கிடும். ரே ட்ரேசிங் என்று பெயர். 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேம் இது இல்லாமல் திறக்கவே திறக்காது. குறைந்தபட்சத் தேவை ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர். நம் 1060-ஐ வாசலிலேயே நிறுத்திவிடும். மெதுவாகவாவது ஆடிக்கொள்கிறேன் என்று கெஞ்சினாலும் நடக்காது. 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் அதே ஜாதி.

பி.காம். பார்வையில் இதற்கு ஒரு பெயர்தான்: செலவை இடம் மாற்றுவது. முன்பு தயாரிப்பாளரின் ஏட்டில் இருந்த ஒரு செலவு, இப்போது கேம் வாங்குபவரின் ஏட்டுக்கு வந்துவிட்டது. அவர் கார்டாக வாங்குகிறார், கரன்ட் பில்லாகக் கட்டுகிறார். நேரம் மிச்சமாகிறது என்பதைத் தயாரிப்பாளர்களே மறைப்பதில்லை. மிச்சமான காசு விலையில் குறைந்ததா? அமெரிக்காவில் பெரிய கேம்களின் விலை அறுபது டாலரிலிருந்து எழுபதாகத்தான் ஏறியிருக்கிறது.

இதைவிடச் சாமர்த்தியம், இடைச்செருகல் ஃப்ரேம். கார்டு ஒரு படம் வரையும், இன்னொரு படம் வரையும். நடுவில் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்து ஒன்றைச் செருகிவிடும். கண்ணுக்கு வழுவழுவென்று தெரியும். ஆனால் நீங்கள் பட்டனை அழுத்தியது செருகிய படத்தில் இருக்காது, ஏனென்றால் அது நிஜமாக நடந்த ஆட்டம் அல்ல. கை கொடுக்கும் வேகம் பழையதுதான். சில சமயம் இன்னும் தாமதம். 2025 ஜனவரியில் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங் மேடையேறி, 549 டாலர் 5070 கார்டு, 1,599 டாலருக்கு விற்ற 4090-க்குச் சமம் என்றார். எப்படி? வரையும் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் மூன்று வரை ஊகித்துச் செருகினால். பாலில் மூன்று பங்கு தண்ணீர் ஊற்றி 'நாலு லிட்டர் கறந்தது' என்று சொல்வதற்குப் பால்காரரே கூசுவார்.

கேம் தயாரிப்பாளர்களும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். 2025 பிப்ரவரியில் வந்த மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ் கேமின் 'பரிந்துரைக்கும்' அமைப்பில், சாதாரண ஃபுல் ஹெச்.டி.யில் 60 ஃப்ரேம் வரும் என்று போட்டு, கூடவே ஒரு நிபந்தனை: இடைச்செருகலை ஆன் செய்தால். அதாவது, ஊனமுற்றபோது பிடிக்கக் கண்டுபிடித்த ஊன்றுகோலை, நடக்க ஆரம்பிப்பதற்கு முன்பே எல்லார் கையிலும் கொடுத்துவிட்டார்கள்.

இவர்களுக்கு ஏன் இந்த அலட்சியம்? பேலன்ஸ் ஷீட்டைப் பாருங்கள். 2017 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் மொத்த வருமானம் சுமார் 691 கோடி டாலர். அதில் 406 கோடி கேம் ஆடுபவர்களிடமிருந்து. பாதிக்கு மேல். 2025 ஜனவரியில் முடிந்த ஆண்டில் மொத்தம் சுமார் 13,050 கோடி டாலர்; கேமிங் 1,135 கோடிதான். ஒன்பது சதவிகிதம்கூட இல்லை. மீதியில் பெரும்பகுதி செயற்கை அறிவுக்காகக் கட்டும் டேட்டா சென்டர்களின் பணம். ஒரு காலத்தில் வீட்டு மாப்பிள்ளையாக இருந்தவர் இப்போது தூரத்து உறவு. பந்தியில் இடம் உண்டு; முதல் பந்தி கிடையாது. அதே டேட்டா சென்டர்களின் பசியால் 2025 கடைசியில் ரேம் விலையும் விறுவிறுவென்று ஏறியது. நமக்கு இரண்டு பக்கமும் அடி.

* * *

எதிர்த் தரப்பின் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இது விமர்சனம் அல்ல, வயிற்றெரிச்சல்.

இண்டியானா ஜோன்ஸ் கேமில் இருண்ட சுரங்கத்துக்குள் தீப்பந்தத்தோடு நடக்கும்போது, பந்தம் அசைய அசையச் சுவர் நிழல்களும் அசைவது வெறும் பகட்டு இல்லை. அந்த கேமின் உயிரே 'அடுத்த மூலையில் என்ன?' என்ற பயம். வெளிச்சம் அங்கே ஒரு பாத்திரம். அதற்காகக் கேட்கும் கார்டை நியாயமான செலவு என்றே சொல்வேன். நல்ல ஒளிப்பதிவுள்ள படத்தைத் தியேட்டரில் பார்க்க வேண்டும் என்று சொல்வதில்லையா, அது மாதிரி. கேள்வி, வெளிச்சம் ஆட்டத்துக்கு உதவுகிறதா, அல்லது ஆட்டத்தின் வறுமையை மறைக்கிறதா என்பதுதான்.

மறுபக்கம் பாருங்கள். 2004-ல் வந்த ஹாஃப்-லைஃப் 2. அன்றைக்கு உச்சமான கிராஃபிக்ஸ். ஆனாலும் வால்வ் கம்பெனிக்காரர்கள், பல வருஷம் பழைய கார்டுகளிலும் அது எப்படியாவது ஓடும்படி கீழே இறங்கி வந்திருந்தார்கள். தண்ணீர் கொஞ்சம் அழகு குறையும், நிழல் போகும், ஆட்டம் போகாது. பொருள்களைத் தூக்கி எறியும் அந்தத் துப்பாக்கியின் குஷி எல்லா கார்டிலும் ஒன்றே. பழைய மெஷின்காரனை வாசலில் நிறுத்தாத மரியாதை அது.

இன்னும் ஒன்று. 2018-ல் வந்த ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின். லூகாஸ் போப் என்பவர் நாலு வருஷத்துக்கு மேல் கிட்டத்தட்டத் தனியாளாக உட்கார்ந்து செய்தது. மொத்தமே இரண்டு நிறங்கள். கறுப்பு, வெள்ளை. நடுவில் சாம்பல்கூட இல்லை, புள்ளிகள்தான். காணாமல் போன ஒரு கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் 1807-ல் ஆளில்லாமல் துறைமுகத்துக்கு வந்து சேர்கிறது. நீங்கள் இன்ஷூரன்ஸ் கணக்கெடுக்க வந்த ஆபீசர். கப்பலில் இருந்த 60 பேருக்கும் என்ன ஆயிற்று, யார் யாரைக் கொன்றார்கள், ஒவ்வொருவர் பெயர் என்ன என்று கண்டுபிடித்து லெட்ஜரில் எழுத வேண்டும். அவ்வளவுதான் கேம்.

சட்டையின் தையலிலிருந்து ஒருவன் எந்த நாட்டுக்காரன் என்று ஊகிக்கிறீர்கள். தொங்கு படுக்கையின் நம்பரைப் பார்த்து ஒருவனுக்குப் பெயர் கொடுக்கிறீர்கள். சாவின் கடைசி நொடி உறைந்து நிற்க, அதைச் சுற்றிச் சுற்றி நடக்கிறீர்கள். இதில் கோடிக்கணக்கான நிறங்களும் தெறிக்கும் ஒளியும் இருந்திருந்தால் கவனம் சிதறியிருக்கும். இரண்டு நிறம் என்பது பஞ்சத்துக்குச் செய்தது இல்லை. பார்க்க வேண்டியதை மட்டும் பார்க்க வைப்பதற்குச் செய்தது. நம் திருச்சி மெஷினில் இது காற்று மாதிரி ஓடும். பையனுக்கு இதை யாராவது சொல்லியிருப்பார்களா? மாட்டார்கள். கார்டு விற்க உதவாத கேமுக்கு யார் விளம்பரம் செய்வது?

* * *

சரி, கார்டு போடலாமா வேண்டாமா? கடைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே செய்ய வேண்டிய சில காரியங்கள் இருக்கின்றன. எல்லாமே ஓசி.

முதலாவது, யார் திணறுகிறார்கள் என்று கண்டுபிடியுங்கள். கேமின் அமைப்பில் ரெசல்யூஷனை 1920-1080 இலிருந்து 1280-720க்கு இறக்குங்கள். வேகம் ஜிவ்வென்று ஏறினால் கார்டுதான் குற்றவாளி. மாற்றினால் பலன் உண்டு. ஏறவே இல்லை என்றால் பிராசஸர் திணறுகிறது. அப்போது எத்தனை ஆயிரத்துக்குக் கார்டு போட்டாலும் குமாஸ்தாக்கள் வேலையில்லாமல் கொட்டாவி விட்டுக்கொண்டு ஆடிட்டருக்காகக் காத்திருப்பார்கள். நான்கு கோர் ஐ5-இல் பல புது கேம்களுக்கு இதுதான் கதி.

இரண்டாவது, கேபினட்டைத் திறந்து எஸ்.எம்.பி.எஸ். மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். மதர்போர்டின் ஸ்லாட் ஒரு கார்டுக்கு 75 வாட்தான் தரும். அதற்கு மேல் வேண்டுமானால் தனி வயர்: ஆறு பின் என்றால் இன்னொரு 75, எட்டு பின் என்றால் 150. அந்த வயர் உங்களிடம் இல்லை என்றால், கடைக்காரர் 'கன்வர்ட்டர் போட்டுக்கலாம் சார்' என்பார். வேண்டாம். மலிவு எஸ்.எம்.பி.எஸ். போகும்போது தனியாகப் போகாது, மதர்போர்டையும் கையோடு கூட்டிக்கொண்டு போகும். 1060-க்கு வேண்டியது 120 வாட். 2023-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 115தான். இந்த மாதிரி கார்டென்றால் பழைய எஸ்.எம்.பி.எஸ். தாங்கும். 2025-ல் வந்த 5090-க்கு 575 வாட். அது கார்டு இல்லை, இஸ்திரிப் பெட்டி.

மூன்றாவது, தூசி. எட்டு வருஷமாகத் திறக்காத பெட்டி என்றால் ஃபேனில் கம்பளியே நெய்யலாம். நம்ம ஊர் வெயிலில் சூடு ஏறினால் கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரு பிரஷ், பிராசஸர் மேல் புதிதாகக் கொஞ்சம் பேஸ்ட். பாதி நோய் இதிலேயே போவதுண்டு. மிச்சம் பழைய ஹார்டு டிஸ்க்கின் புண்ணியம். அதை எடுத்துவிட்டு ஒரு எஸ்.எஸ்.டி. போட்டால், மெஷின் திறக்கும் வேகத்தைப் பார்த்துவிட்டு உங்கள் வீட்டு அம்மாவே 'புதுசு வாங்கினீங்களா?' என்று கேட்பார்.

நாலாவது, ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் கடையிலோ செகண்ட் ஹேண்ட் கார்டு மலிவாகக் கிடைத்தால் ஜாதகம் கேளுங்கள். ஈத்தரியம் என்ற டிஜிட்டல் காசைத் தோண்டுவதற்காக ராத்திரி பகலாக ஓடிய கார்டுகள் ஏராளம். 2022 செப்டம்பரில் அந்த முறையே நின்றுபோனதும் எல்லாம் சந்தைக்கு வந்தன. அத்தனையும் கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணெதிரில் அரை மணி நேரம் ஓட்டிக் காட்டாத கார்டை வாங்காதீர்கள். பில் இல்லாததையும்.

இனி திருச்சி வாசகருக்கு. அந்த மெஷினுக்கு ஐம்பதாயிரம் ரூபாய் கார்டு வேண்டாம். காரணம் கார்டு அல்ல, மற்ற எல்லாம். ஏழாம் தலைமுறை பிராசஸருக்கு விண்டோஸ் 11-இன் அதிகாரபூர்வப் பட்டியலில் இடமில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-இல் நிறுத்திவிட்டது. அஸ்திவாரத்துக்கு நோட்டீஸ் ஒட்டிய வீட்டுக்கு மாடி எடுப்பது புத்திசாலித்தனம் ஆகாது. பையனுக்கு இண்டியானா ஜோன்ஸ்தான் வேண்டும் என்றால், காசைச் சேர்த்து வைத்து முழு மெஷினாக மாற்றுங்கள். அவசரம் இல்லை என்றால் எஸ்.எஸ்.டி., சுத்தம் இரண்டோடு நிறுத்துங்கள்.

ஆனால் அவனிடம் 'கேமே கூடாது' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவன் கேட்பதில் தப்பில்லை. கேட்ட கேள்விதான் தப்பு. 'எந்த கார்டு?' என்பதற்கு பதில் 'எந்த கேம்? ஏன் அது?' என்று கேட்டுப் பாருங்கள். நாலு பெயர் சொல்வான். அதில் எத்தனை நிஜமாகவே ஆட ஆசைப்படுவது, எத்தனை காலேஜில் மற்றவன் ஆடுவதால் வந்த ஆசை என்று அவனுக்கே தெரிந்துவிடும். ஸ்டார்டியூ வேலி, ஹாலோ நைட், ஹேடீஸ், பலாட்ரோ என்று அந்தப் பழைய பெட்டியிலேயே ஓடக்கூடிய நல்ல கேம்கள் பல வருஷத்துக்குக் காணும். ஸ்டார்டியூ வேலி ஒரே ஆள் செய்தது. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் விற்றது.

ஓப்ரா டின் கப்பலில் அறுபது பேர் காத்திருக்கிறார்கள். அப்பாவும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடலாம். நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று பெயரைச் சரியாகக் கண்டுபிடிக்க அவனுக்கு நேரமாகும். உங்களுக்கு அதைவிட அதிகமாகும் என்று நினைக்கிறேன்.